நடக்கப் போனால் டாய்லெட் எங்கே?

வணக்கம் நேயர்களே. இந்நேரம் பலர் பசியாறிக்கொண்டிருப்பீர்கள், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் பேசப்போவது ஒன்றுக்குப் போவதைப் பற்றி.

31 ஆண்டு தாதியாக வேலை பார்த்தேன். பிரஷர் உள்ளவர்கள் வந்தால், மாத்திரையைக் கையில் கொடுத்து, "தினமும் நடங்க" என்று சொல்லி அனுப்புவோம். நடக்கிறவர் வழியில் எங்கே ஒதுங்குவார் என்று யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. அதைக் கேட்க வைத்தவர் எங்கள் புளோக்கில் ஒன்பதாம் மாடியில் இருக்கும் ஓர் அக்கா.

ஓய்வு பெற்ற பிறகு, நாங்கள் ஏழெட்டுப் பேர் காலையில் சிங்கப்பூரின் பீஷான் அங் மோ கியோ பூங்கா வரை நடப்போம். அக்கா முதலில் வாரம் ஐந்து நாள் வந்தார். அப்புறம் மூன்று நாள். அப்புறம் வரவே இல்லை. கேட்டால், முழங்கால் வலி என்பார்.

ஒருநாள் மின்தூக்கியில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "தேக்கா சந்தைக்குப் போனா எந்த இடத்துல டாய்லெட் இருக்கு, எதுல 20 காசு கேப்பாங்க, எதுல கதவு சரியா சாத்தாது, எல்லாம் எனக்கு மனப்பாடம்மா. பூங்காவுல அடுத்தது வர்றதுக்குள்ள எனக்குத் தாங்காது."

ஒன்பதாம் மாடி வந்தும் நாங்கள் பேச்சை நிறுத்தவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக முழுக்கதையும் வந்தது. பிரஷருக்காக, சிறுநீரை அதிகம் போகவைக்கும் நீர் மாத்திரை சாப்பிட்டு வந்தவர், நடக்கிற நாளில் அதை விட்டுவிட்டார். அது போதாதென்று தண்ணீர் குடிப்பதையும் குறைத்தார். இந்த ஊர் புழுக்கத்தில்! தண்ணீர் குறைந்தால் சிறுநீர் கெட்டியாகி, சிறுநீர்ப்பையை இன்னும் உறுத்தும். கடைசியில் நடப்பதையே விட்டுவிட்டார். அடுத்த முறை மருந்தகத்தில் பார்த்தபோது பிரஷர் மேல் எண் 168. கூடுதலாக இன்னொரு மாத்திரை வந்தது. அதில் கணுக்கால் வீங்கியது, இரவில் மூன்று தடவை எழுந்தார்.

மருந்தாளர் ஒருவரிடம் அழைத்துப் போனேன். அவர் மருத்துவரிடம் பேசிவிட்டு ஒரே ஒரு மாற்றம் சொன்னார்: முதலில் நடந்துவிட்டு வாங்க, வீட்டுக்கு வந்து நீர் மாத்திரை போடுங்க. அந்த மாத்திரைகள் ரகத்தைப் பொறுத்து ஒன்றிலிருந்து நான்கு மணி நேரத்துக்குள் உச்சத்தில் வேலை செய்யும். அந்த நேரத்தில் வீட்டில் இருந்தால் போதும். அவ்வளவுதான். ஆனால் நீங்களாக நேரத்தை மாற்றாதீர்கள், கேட்டுவிட்டு மாற்றுங்கள்.

எல்லாப் பழியும் மாத்திரைக்கா? இல்லை. 1963-இல் ஜப்பானில், கியோட்டோவில், ஒகமோட்டோ, அவோக்கி என்ற இருவர் வளர வளரத் தானாகவே பிரஷர் ஏறுகிற எலி வம்சம் ஒன்றை உருவாக்கினார்கள். அந்த எலிகளுக்கு அடிக்கடி சிறுநீர் போகிற தொல்லையும் உண்டு. மாத்திரையே போடாத எலி! பிரஷர் நெடுநாள் ஏறியிருந்தால், சிறுநீர்ப்பைக்குப் போகும் சின்ன ரத்தக் குழாய்களும் இறுகும். பை 400, 500 மில்லி கொள்ளும். நல்ல பை பாதி நிறையும்போது மெதுவாகச் சொல்லும், "இரு" என்றால் இருக்கும். ரத்தம் சரியாகப் போகாத பை அந்தப் பேச்சைக் கேட்காது.

2021-22 தேசிய ஆய்வின்படி, சிங்கப்பூரில் 18 முதல் 74 வயது வரை உள்ளவர்களில் 37 விழுக்காட்டினருக்கு உயர் ரத்த அழுத்தம். ஆக இது அக்காவின் கதை மட்டும் அல்ல.

பிரஷர் உள்ளவர்கள் தொடர்ந்து வியர்க்க நடந்துவந்தால், மேல் எண் 5 முதல் 8 புள்ளி வரை குறையும். தொப்பை கரைந்தால், பையின் மேல் உட்கார்ந்திருக்கும் பாரமும் குறையும். வாரத்துக்கு 150 நிமிடம், ஒரே மூச்சில் வேண்டாம், புளோக்கின் கீழ்த்தளத்தைச் சுற்றினாலும் நடைதான். டாய்லெட் பக்கத்திலேயே இருக்கிறதே!

இரவில் எழுகிறவர்கள் சாயங்காலமும் நடங்கள். அம்லோடிபின் போன்ற பிரஷர் மாத்திரையில் சிலருக்குக் கால் வீங்கும். பகலில் காலில் தேங்கிய நீர், படுத்ததும் ரத்தத்துக்குத் திரும்பி நடு இரவில் எழுப்பும். கெண்டைக்கால் சதை ஒரு பம்ப். அரை மணி நடந்து, காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்தால், தூங்குமுன்பே அந்த நீர் வெளியேறிவிடும். உப்பையும் பாருங்கள்: 2017-இல் நாகசாக்கி ஆய்வாளர்கள் சொன்னது, ஒரு நாள் உப்பை 10.7 கிராமிலிருந்து 8 கிராமாகக் குறைத்தவர்கள் இரவில் எழுவது 2.3 தடவையிலிருந்து 1.4 ஆனது. அப்பளம், ஊறுகாய், கருவாடு... நான் பெயர் மட்டும் சொல்கிறேன்.

ஸ்டூடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு விரல் காட்டுகிறார்கள், ஒரு நிமிடம்தானாம். சிறுநீர்ப்பையைத் தாங்கும் இடுப்படித் தசைக்கான பயிற்சியைப் பற்றித்தான் நிறைய எழுதி வைத்திருந்தேன், போச்சு. வேகமாகச் சொல்கிறேன். காற்றை அடக்குவதுபோல அந்தச் சதையை உள்ளிழுத்து ஐந்து விநாடி வையுங்கள், ஐந்து விநாடி விடுங்கள். பத்து தடவை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. ஆண்களுக்கும்தான். சிறுநீர் போகும்போது செய்து பழகாதீர்கள். அவசரம் வந்தால் ஓடாமல், நின்று, நாலைந்து தடவை இழுத்துவிட்டு, அடங்கியதும் நடங்கள். அரிசி மூட்டை தூக்கும்போது முதலில் இழுங்கள், மூச்சை மட்டும் அடக்கிவிடாதீர்கள். அடக்கினால் பிரஷரும் குபீரென்று ஏறும், பையும் நசுங்கும்.

அக்கா கேட்டுக்கொண்டிருந்தால், நாளைக்கு ஆறரை மணி, கீழே. வணக்கம்.