சூடு ஆறும்வரை காத்திருப்பது

வணக்கம். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு அடுத்தது என்ன என்று யோசித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளையும் அவர்களின் பெற்றோரையும் மனத்தில் வைத்தே இன்று பேசுகிறேன்.

உற்பத்திப் பொறியியல் தொழினுட்பவியல் என்ற படிப்பைச் சொன்னதும், "பட்டறை வேலைதானே?" என்று கேட்பவர்கள் நம்மிடையே பலர். பட்டறை வேலைதான், அதை நான் மறுக்கப்போவதில்லை. ஆனால் அப்பட்டறையில் முதலில் கற்பிக்கப்பட வேண்டியது இரும்பை வெட்டுவதன்று, அளப்பது. வரைபடத்தில் எழுதிய அளவை அப்படியே எவராலும் செய்துவிட முடியாது. எவ்வளவு கூடலாம், எவ்வளவு குறையலாம் என்பதை அறிந்து அந்த எல்லைக்குள் நிற்பதே உற்பத்தி. கடையில் வாங்கிய பேரிங், அதாவது சுழலும் தண்டைத் தாங்கும் வளையம், உங்கள் மோட்டாரிலும் அடுத்த வீட்டு மோட்டாரிலும் பொருந்துவது இதனால்தான்.

எனக்குத் தெரிந்த, இரும்பு கடையும் லேத் பட்டறைக்கு, மூதூர்ப் பக்கத்திலிருந்து நெல் ஆலைத் தண்டு ஒன்று வந்தது. பேரிங் உட்காரும் இடத்தில் அதன் விட்டம் 60 மில்லிமீற்றர். கடைந்து முடித்ததும் ஆலைக்காரர், "அளவு பார்த்துத் தாங்கோ அண்ணை, நேரம் போகுது" என்று அவசரப்படுத்தினார். பட்டறைக்காரரோ தேநீரைக் கையில் எடுத்துக்கொண்டு, "ஆறட்டும் தம்பி, இப்ப அளந்தால் பொய் சொல்லும்" என்றார். ஆலைக்காரருக்கு அது சோம்பலாகத் தோன்றியிருக்கும். கணக்கைப் பாருங்கள்: ஒரு மீற்றர் நீள உருக்கு, வெப்பம் ஒரு பாகை ஏறினால் ஏறத்தாழ 0.0115 மில்லிமீற்றர் நீளும். வெட்டும் சூட்டில் அத்தண்டு 40 பாகை ஏறியிருந்தால், ஆறும்போது விட்டம் 0.028 மில்லிமீற்றர் அளவில் சுருங்கும். தலைமயிரின் தடிப்பில் பாதியும் இல்லையே என்பீர்கள். ஆனால் அவ்விடத்துக்கு வழக்கமாகக் கொடுக்கப்படும் 'கே 6' பொருத்தத்தில், அதாவது தண்டின் விட்டத்துக்கான அளவு எல்லையில், 60 மில்லிமீற்றருக்கு மேல் 0.002 முதல் 0.021 வரையே கூடலாம். மொத்த இடைவெளி 0.019 தான். சூட்டில் சரியாக இருந்த தண்டு, ஆறியதும் பேரிங்குக்குள் தளர்ந்துவிடும்.

இதனால்தான் சொல்கிறேன், அளக்கும் பொருளின் வெப்பநிலையும் அளவின் ஒரு பகுதியே. நீள அளவுகளுக்கு உலகம் ஏற்றுக்கொண்ட வெப்பநிலை 20 பாகை செல்சியஸ். திருகோணமலையின் பகல் வெயிலில் அது எங்கே கிடைக்கப்போகிறது? ஆகவே நம் மாணவர் இந்தக் கணக்கை மற்றவர்களைவிடக் கவனமாகக் கற்க வேண்டும். அந்தப் பட்டறைக்காரர் அனுபவத்தில் அறிந்ததற்கு, கல்லூரி காரணமும் கணக்கும் தருகிறது. இரண்டும் ஒருவரிடம் சேர்ந்தால், சீனன்குடா மா ஆலையிலோ சீமெந்து ஆலையிலோ புல்மோட்டைக் கனிய மணல் தொழிற்சாலையிலோ பராமரிப்புப் பகுதியில் அவருக்கு வேலை இருக்கும் என்பது என் எண்ணம்.

அமெரிக்காவின் சமூகக் கல்லூரிகளில் இத்துறை பொதுவாக ஈராண்டுப் படிப்பு. நம் நாட்டில் தொழினுட்பக் கல்லூரிகளும் தேசிய தொழிற்தகைமையின் ஏழு மட்டங்களும் உள்ளன. ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டம். கணினி இயக்கும் சி.என்.சி. இயந்திரங்களைப் பற்றி விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். கலையகக் கண்ணாடிக்கு அப்பாலிருந்து நேரம் முடிகிறது என்று கைகாட்டுகிறார்கள். ஒன்று மட்டும்: விண்ணப்பிக்கும் முன் அக்கல்லூரியின் பட்டறையை நேரில் சென்று பாருங்கள். நுண்ணிய அளவு பார்க்கும் மைக்ரோமீற்றர்க் கருவி மாணவர் கையில் இருக்கிறதா, அலுமாரிக்குள் பூட்டிக் கிடக்கிறதா என்று கவனியுங்கள். நன்றி, வணக்கம்.