காதுச்சோணை சாட்சி சொல்லாது

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "எனக்கும் கணவருக்கும் காதுச்சோணை கன்னத்தோடு ஒட்டியிருக்கிறது. மகனுக்குத் தனியாகத் தொங்குகிறது. ஒட்டிய காது ஒடுங்கு பண்பாம், அதாவது தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியுமாம், அதனால் எங்களுக்கு இப்படிப் பிள்ளை பிறக்காதாம். மாமியார் வீட்டில் ஒரு மாதிரியாகப் பேசுகிறார்கள். விளக்குங்கள் ஐயா."

இதைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. பிறக்கும் அம்மா, தாராளமாகப் பிறக்கும். காதுச்சோணையை ஒரே மரபணு தீர்மானிப்பதாகச் சொன்னது பழைய பாடம். 2017-இல் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஆராய்ந்தபோது, அதில் பங்குள்ள 49 மரபணு இடங்கள் தெரியவந்தன. பாதி ஒட்டி, பாதி தொங்கும் காதுகள் எத்தனை! நாக்கைச் சுருட்டுவதும் இதே கதைதான். 1952-இல் ஒரு கருவிலிருந்து பிறந்த 33 இரட்டையர் சோடிகளைப் பார்த்தார்கள். ஏழு சோடிகளில் ஒருவர் சுருட்டினார், மற்றவரால் முடியவில்லை. காதையும் நாக்கையும் வைத்து ஒரு பெண்ணின் நடத்தையை அளக்கிறார்கள் என்றால், எனக்குக் கோபம்தான் வருகிறது.

அப்படியானால் ஒரே மரபணு ஆளும் பண்பே இல்லையா? இருக்கிறது. பழைய நேயர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், செம்பனையை மறுபடி இழுக்கிறேன். பழத்தைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். டூரா என்ற வகையில் கொட்டை ஓடு தடிப்பு. பிசிஃபெரா என்ற வகையில் ஓடே இல்லை, ஆனால் பெரும்பாலும் குலை தேறாது. இரண்டையும் சேர்த்தால் டெனெரா: மெல்லிய ஓடு, அதைச் சுற்றிச் சதைக்குள் கருப்பு நார்ப்புள்ளிகள் வளையமாகத் தெரியும். இன்று தோட்டங்களில் நடுவது அதைத்தான். அந்த ஓட்டு மரபணுவை மலேசியச் செம்பனை வாரிய விஞ்ஞானிகள் கண்டறிந்து 2013-இல் வெளியிட்டார்கள். டெனெராவோடு டெனெரா சேர்ந்த விதையை முளைக்க வைத்தால் ஏறக்குறைய கால் பங்கு டூரா, பாதி டெனெரா, கால் பங்கு பிசிஃபெரா. அதனால்தான் உதிர்ந்த பழத்தில் முளைத்த கன்றை நடாதீர்கள் என்கிறார்கள்.

இந்தக் கால் பங்குக் கணக்கு நம் வீட்டில் நிற்கும் இடம் காது அல்ல, இரத்தம். யாராவது என்னிடம் தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோயைப் பற்றிக் கேட்க மாட்டார்களா என்றிருக்கிறது. தலசீமியா மரபணுவைச் சுமப்பவர் நம்மைப் போலவே வேலைக்குப் போவார். கொஞ்சம் சோகை இருக்கலாம், இரும்புச்சத்து மாத்திரையோடு விட்டுவிடுவார்கள். அதில் ஒரு வகையான பீட்டா தலசீமியாவைக் கணவன், மனைவி இருவரும் சுமந்தால், ஒவ்வொரு கருவுக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு கடுமையான நோய். ஒவ்வொரு கருவுக்கும் என்பதைக் கவனியுங்கள். "மூத்தவனுக்கு வந்துவிட்டது, அடுத்த மூன்றுக்கு வராது" என்பது தவறான கணக்கு. மூத்தவனுக்கு என்ன நேர்ந்தது என்று அடுத்த கருவுக்குத் தெரியாது. கடுமையான நோய் வந்த பிள்ளைக்கு மாதாமாதம் இரத்தம் ஏற்ற வேண்டிவரும்.

2016 முதல் நான்காம் படிவ மாணவர்களுக்கு, அதாவது பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு, தலசீமியா மரபணுவைச் சுமக்கிறார்களா என்று பார்க்கும் இரத்தச் சோதனை நடக்கிறது. பள்ளியிலிருந்து வரும் சம்மதப் படிவத்தைக் கையெழுத்திடாமல் மூலையில் போடாதீர்கள். அந்த வயதைத் தாண்டியவர்கள் அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் கேளுங்கள். கல்யாணப் பேச்சு நடக்கும் வீடுகளில் ஜாதகம் பார்க்கும் அதே வாரத்தில் இதையும் பார்த்துவிடுங்கள்.