அந்த ‘அளவான’ எங்கே போச்சு?

நடுவர் அவர்களே, வணக்கம். “மாணவர் கற்கத் துணை நிற்பது எளிமையா, அளவான சவாலா?” இதுதான் தலைப்பு. எளிமையே என்று முழங்கிவிட்டுப் போன எதிரணி நண்பர், “கஷ்டமான கணக்கைக் கொடுத்தால் பிள்ளை புத்தகத்தையே மூடிவிடும்” என்றார். வாஸ்தவம். பத்து வரியில் எட்டு வரி புரியாவிட்டால் நானும் மூடிவிடுவேன். ஆனால் தலைப்பில் ‘அளவான’ என்று ஒரு சொல் இருந்ததே, அதை மட்டும் நண்பர் லாவகமாக விழுங்கிவிட்டார்!

அந்த அளவு எது? சோவியத் உளவியலாளர் வைகாட்ஸ்கி அதற்கு இடம் குறித்துக் கொடுத்திருக்கிறார். பிள்ளை தானே செய்துவிடுவது ஒன்று. யார் உதவினாலும் இப்போதைக்கு முடியாதது இன்னொன்று. நடுவில், கொஞ்சம் கைகொடுத்தால் முடிகிற பகுதி. பாடம் நடக்க வேண்டியது அங்கேதான்.

1/2-ஐயும் 1/3-ஐயும் கூட்டச் சொன்னால், மேலே இருப்பதை மேலோடும் கீழே இருப்பதைக் கீழோடும் கூட்டி 2/5 என்று எழுதுகிறாள் ஒரு மாணவி. எதிரணி ஆசிரியர் அதை அடித்துவிட்டு 5/6 என்று எழுதிக் கொடுத்துவிடுவார். சுலபம்! அவளும் அடுத்த கணக்கில் அதே தப்பைச் சுலபமாகச் செய்வாள். எங்கள் ஆசிரியர் கேட்பது, “2/5 பாதியைவிடப் பெரிசா, சின்னதா?” யோசிக்கிறாள். சின்னது. “பாதியோடு இன்னொன்றைச் சேர்த்த பிறகு பாதியைவிடக் குறையுமாம்மா?” பென்சில் நிற்கிறது. ரப்பரைத் தேடுகிறாள். அதுவும் பிடிபடவில்லையென்றால் சம பங்குகளாகப் பிரித்த ஒரு பட்டைப் படம் வரைந்து கொடுப்பார், அவ்வளவுதான். விடையை மட்டும் சொல்லமாட்டார்.

“சுலபமாகப் போட்டால் தன்னம்பிக்கை வரும்” என்றார்கள். வரும், தேர்வு வரைக்கும்! ரோரர், டெய்லர் என்ற இரு ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். கல்லூரி மாணவர்களுக்கு நான்கு வகைத் திண்மங்களின் கன அளவு காணும் கணக்குகள். ஒரு குழு வகைவகையாகப் பிரித்துப் போட்டது. இன்னொரு குழு எல்லாவற்றையும் கலந்து போட்டது. பயிற்சியில் பிரித்துப் போட்டவர்கள் 89 சதவீதம் சரி, கலந்து போட்டவர்கள் 60தான். எதிரணி கைதட்டலாம்; ஆனால் ஒரு வாரம் பொறுங்கள். தேர்வில் பிரித்துப் போட்டவர்கள் 20, கலந்து போட்டவர்கள் 63! ஒரே வகையாகப் போடும்போது சூத்திரம் முன்கூட்டியே கையில் இருக்கிறது. கலந்து வந்தால் எந்தச் சூத்திரம் என்று ஒவ்வொரு முறையும் தானே முடிவு செய்ய வேண்டும். தேர்வில் கேட்பதும் அதைத்தானே?

முதல் நாளே புதிர் போடச் சொல்லவில்லை ஐயா. புதிதாகத் தொடங்குபவருக்குச் செய்துகாட்டிய கணக்கு வேண்டும். கை பழகிய பிறகும் செய்துகாட்டிக்கொண்டே இருந்தால் அது இடைஞ்சல்.

“நாற்பது பேருக்கு நாற்பது அளவா வைக்க முடியும்?” என்று எதிரணித் தலைவர் மடக்கினார். அவர் கேட்கும் எளிமை மாணவருக்கா, ஆசிரியருக்கா என்று எனக்கு ஒரு சந்தேகம்! சரி, பதில் சொல்கிறேன். அதே 1/2, 1/3 கணக்கைத் திணறுகிறவனுக்குப் பட்டையோடு கொடுக்கலாம். முன்னதாக முடித்தவளிடம், “கூட்டினால் 5/6 வருகிற வேறு இரண்டு பின்னங்களைக் கண்டுபிடி” என்று திருப்பிவிடலாம். தனித்தனி வினாத்தாள் எதற்கு? இதற்கு எதிரணி பதில் சொல்லட்டும். மணி அடித்துவிட்டார்கள், நன்றி, வணக்கம்.