அடை விரியும்போது கேமரா எங்கே இருக்கிறது?

வணக்கம் நேயர்களே. உள்ளூர் கேபிள் சேனலில் பத்து நிமிடச் சமையல் பகுதி செய்ய நினைப்பவர்களுக்காக இன்றைக்குப் பேசுகிறேன். முந்திரி நம்ம பண்ருட்டிச் சரக்குதான். ஆனால் அதை அரைத்து ஊற்றினால் எதுவும் ருசிக்கும், அதைக் காட்ட நிகழ்ச்சி வேண்டாம். குறைந்த செலவில் உடம்புக்கு ஏற்றதைச் சமைக்கச் சொல்லித்தருவதுதான் கடினம். பரிமாறிய தட்டை ஒரு நிமிடம் காட்டிவிட்டு, மாவு பிசையும் பதத்தை வெட்டிவிடுகிறார்கள். வீட்டில் கெட்டுப்போவதோ அந்தப் பதத்தில்தான்.

கேழ்வரகு முருங்கைக்கீரை அடையையே எடுத்துக்கொள்வோம். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. மூன்று பேருக்கு மாவு 2 டம்ளர், ஆய்ந்த கீரை 2 கைப்பிடி, நறுக்கிய சின்ன வெங்காயம் 10, பச்சை மிளகாய் 2, உப்பு முக்கால் தேக்கரண்டி. முதலில் வெங்காயம், கீரை, உப்பு மூன்றையும் கையால் பிசறி ஐந்து நிமிடம் வையுங்கள், தண்ணீர் விடும். பிறகு மாவைச் சேர்த்து, கொதித்த தண்ணீரைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கரண்டிக்காம்பால் கிளறுங்கள். ஏறக்குறைய ஒரு டம்ளர் பிடிக்கும். முதலிலேயே முழுவதும் ஊற்றினால், கீரை விட்ட தண்ணீரும் சேர்ந்து மாவு தளர்ந்து கையில் ஒட்டும்.

பச்சைத் தண்ணீர் ஊற்றினால் அடை தட்டும்போதே ஓரம் விரிசல் விடும். கோதுமை மாவில் உள்ள பசைத்தன்மை கேழ்வரகுக்குக் கிடையாது. சூட்டில் மாவுச்சத்து வெந்து குழைந்தால்தான் அது பிடித்துக்கொள்ளும். கேமரா நிற்க வேண்டிய இடம் இதுதான், மேலிருந்து, கை தெரிய. பச்சைத் தண்ணீரில் பிசைந்த உருண்டை ஒன்றையும் பக்கத்தில் தட்டிக் காட்டுங்கள். விரிசலைப் பார்த்தவர் மறக்கமாட்டார்.

ஈரத்துணியில் மெல்லியதாகத் தட்டி, நடுவில் ஒரு துளையிட்டு, மிதமான தீயில் மூடி வேகவிடுங்கள். ஒரு பக்கத்துக்கு இரண்டு நிமிடம் ஆகும். தீ அதிகமானால் வெளியே கருகும், உள்ளே மாவு வாசனை போகாது. எண்ணெய் ஓர் அடைக்கு அரைத் தேக்கரண்டி போதும். பாட்டிலிலிருந்து நேராக ஊற்றும் காட்சி மட்டும் வேண்டவே வேண்டாம். பார்ப்பவர் கையும் அதையே பழகும்.

அளவுகளைத் திரையில் எழுத்தாகப் போட்டால் மட்டும் போதாது. பாதிப்பேர் பாத்திரம் தேய்த்துக்கொண்டே காதால் கேட்கிறவர்கள், அதனால் இரண்டு முறை வாயாலும் சொல்லுங்கள். டம்ளர், கரண்டி, கைப்பிடி என்றே சொல்லுங்கள். கிராம் தராசு எத்தனை வீட்டில் இருக்கிறது? விலையைச் சொல்ல வேண்டாம், மறு ஒளிபரப்பு வருவதற்குள் மாறிவிடும்.

எந்த வாரம் என்ன சமைப்பது என்பதைச் சந்தையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நம்ம கடலூர் முதுநகர் துறைமுகத்தில் மீன் குறைந்து விலை ஏறும் நேரத்தில் மீன் குழம்பு சொல்லிக்கொடுத்தால் யார் செய்வார்கள்? மத்தி, நெத்திலியை மற்ற மாதங்களுக்கு வையுங்கள். தடைக்காலத்துக்குக் கருவாடு உண்டு. வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து இரண்டு முறை கழுவ வேண்டும், குழம்பில் உப்பை ருசி பார்த்துக் கடைசியில்தான் போட வேண்டும். ஆனாலும் உப்பு முழுதாகப் போகாது. ரத்தக்கொதிப்பு உள்ளவர்களுக்கு ஆகாது என்பதைச் சொல்லத் தவறாதீர்கள்.

அவர்கள் வீட்டுக்குப் பலாக்கொட்டை இருக்கிறது, அதே மாதங்களில் பண்ருட்டியிலிருந்து குவியும். மேல்தோலை உரித்து, நான்காக நறுக்கிக் குக்கரில் மூன்று விசில் விடுங்கள். புளிக்கரைசலை அது வெந்த பிறகே ஊற்ற வேண்டும். முன்பே ஊற்றினால் புளிப்பு கொட்டையை இறுக்கிவிடும். எத்தனை விசில் விட்டாலும் நறுக் நறுக்கென்றுதான் இருக்கும்.

வணக்கம்.