அச்சம் எந்தப் பக்கம் இருக்கிறது?

அவையோருக்கு வணக்கம். பெண்களும் குடும்ப வன்முறையில் ஈடுபடுகிறார்கள் என்று சொன்னவுடனேயே, பெண்கள் படும் பாட்டை மூடி மறைக்க வந்த பேச்சு இது என்று சிலர் எண்ணுவார்கள். வேறு சிலரோ அதே பேச்சைப் பெண்களின் வாயடைக்கப் பயன்படுத்திக்கொள்வார்கள். இரு சாராரையும் இன்று நான் ஏமாற்றவே விரும்புகிறேன்.

மர்ரே ஸ்ட்ராஸ், ரிச்சர்ட் கெல்லஸ் முதலியோர் 1975-ஆம் ஆண்டைக் குறித்து அமெரிக்கக் குடும்பங்களிடம் நடத்திய ஆய்வில், மனைவியின் மீது கணவர் கைநீட்டிய வீடுகள் சுமார் 12 விழுக்காடு என்றும், மனைவி கைநீட்டிய வீடுகளும் ஏறத்தாழ அதே அளவு என்றும் தெரிய வந்தது. இந்தக் கணக்கை மட்டும் பிடித்துக்கொண்டு "இருவரும் சமம்" என்று கூறுவோர் உண்டு. ஆனால் அந்த ஆய்வு அடிகளை எண்ணியதே தவிர, தற்காப்புக்காகத் தள்ளிய கையையும் அடக்கியாள ஓங்கிய கையையும் பிரித்துப் பார்க்கவில்லை. பல ஆய்வுகளைத் தொகுத்து ஜான் ஆர்ச்சர் 2000-இல் வெளியிட்ட கட்டுரை, பெண்கள் சற்றே கூடுதலாகக் கைநீட்டினாலும் காயமுற்றோரில் 62 விழுக்காட்டினர் பெண்களே என்று காட்டியது. கொலைகளிலோ இந்த வேறுபாடு மிகப் பெரிது: கொலையுண்ட பெண்களில் சுமார் 38 விழுக்காட்டினர் துணைவரால் கொல்லப்பட்டவர்கள் என்றும், ஆண்களில் அது ஏறத்தாழ 6 விழுக்காடு என்றும் 2013-இல் வெளியான உலகளாவிய ஆய்வு கூறுகிறது.

ஆகவே, சண்டை முற்றி இருவரும் கைகலக்கும் வீட்டையும், ஒருவர் மற்றவரின் பணம், உறவு, உறக்கம், நடமாட்டம் அனைத்தையும் தம் பிடிக்குள் வைத்திருக்கும் வீட்டையும் வேறுபடுத்த வேண்டும் என்று அமெரிக்கச் சமூகவியலாளர் மைக்கேல் ஜான்சன் 1995-இல் எழுதியதே எனக்கு மிகப் பொருத்தமாகப் படுகிறது. இரண்டாம் வகையில் பிடிக்குள் வைத்திருப்பவர் பெரும்பாலும் ஆண். ஆனால் எப்போதும் ஆண் அல்லர்.

அப்படிப் பிடிக்குள் வைத்திருப்பவர் பெண்ணாக இருக்கும்போது அதை நாம் காணத் தவறுவது ஏன்? உடல்வலிமை உள்ளவர் அடிபட மாட்டார் என்று நம்பிவிடுகிறோம். பிள்ளைகளை இனிப் பார்க்க முடியாது என்னும் மிரட்டலுக்கும், உறங்கும்போது ஊற்றப்படும் கொதிநீருக்கும் உடல்வலிமை விடையாகாது. சொன்னால் சிரிப்பார்கள் என்பதால் அடிபடும் ஆண் சொல்வதில்லை. உண்மையில் சிரிக்கவும் செய்கிறோம். இந்தக் குருட்டுத்தனம் ஆண்களை மட்டும் பாதிப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பெண்ணோடு வாழும் பெண்ணும், மகளிடம் அடிவாங்கும் படுக்கையிலிருக்கும் தாயும் இதனாலேயே கவனிப்பாரின்றிப் போகிறார்கள்.

துணைவரை அடக்கி ஆட்டிப்படைப்பதை இங்கிலாந்தும் வேல்சும் 2015-இல் தனிக் குற்றமாக்கியபோது, சட்டம் பால் வேறுபாடு பார்க்கவில்லை. அந்தக் குற்றத்துக்கும் துணைவருக்குக் கொடுங்காயம் விளைவித்ததற்கும் சேர்த்து 2018-இல் பெண் ஒருவருக்கு ஏழரை ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. அவருடைய துணைவரோ தம் காயங்களுக்கு முதலில் வேறு காரணங்களையே சொல்லியிருந்தார்.

எனவே மருத்துவரும் காவலரும் உறவினரும் இருவரையும் தனித்தனியே அமர்த்திப் பேச வேண்டும். வீட்டுக்குத் திரும்பும்போது மனம் படபடக்கிறதா, கைப்பேசியையும் சம்பளத்தையும் யார் வைத்திருக்கிறார், கடைசியாக நண்பரைச் சந்தித்தது எப்போது என்னும் கேள்விகளை, எதிரில் இருப்பவர் ஆணா பெண்ணா என்று பாராமல், அதே பொறுமையோடு கேட்க வேண்டும்.