நாம் கூட்டித் தள்ளுகிற சிவப்பு

அன்பான நேயர்களே, வணக்கம். இலையுதிர் காலத்துக் காட்சிகள், குளம், நீர்வீழ்ச்சி, பூந்தோட்டம் இவற்றைப் பற்றி வானொலியில் பதினைந்து நிமிடம் கதைக்க வாருங்கள் என்று கேட்டபோது எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. திருகோணமலையில் இருந்துகொண்டு இலையுதிர் காலமா? எங்களுக்குத் தெரிந்தது இரண்டே காலம். ஒன்று கச்சான் காற்று அடிக்கிற காலம், கொறிக்கிற கச்சான் இல்லை, மேற்கிலிருந்து வெக்கையை வாரிக்கொண்டு வருகிற காற்று. மற்றது ஐப்பசி பிறந்ததும் கொட்டத் தொடங்குகிற மாரி. தமிழில் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆறு பருவம் வகுத்து வைத்திருக்கிறார்கள், அந்த ஆறிலும் இலை விழுவதற்கென்று தனியாக ஒன்று இல்லை. நான் முப்பத்தொரு வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவள். இலையுதிர் காலத்தைப் படத்தில் காட்டித்தான் படிப்பித்தேன், நானும் அதுவரைக்கும் படத்தில்தான் பார்த்திருந்தேன்.

பிறகு ஒரு புரட்டாசியில் மகளிடம் போனேன். அவள் இருப்பது ஸ்காபரோவில், ரொறன்ரோவின் கிழக்குப் பக்கம். இந்த வானொலி கேட்கிறவர்களில் பாதிப் பேருக்கு அங்கே ஒரு சொந்தமாவது இருக்கும், ஆகவே இடத்தை நான் விளக்கத் தேவையில்லை. போய் இறங்கி ஒரு கிழமை ஆகவில்லை, மகள் சொன்னாள், "அம்மா, சனிக்கிழமை எல்லாரும் இலை பார்க்கப் போறம்."

"என்ன இலை?"

"மரத்து இலைதான் அம்மா. நிறம் மாறியிருக்கு."

"பிள்ளை, நான் அம்பது வருசமா விடிய எழும்பி முத்தத்து இலை கூட்டினனான். அதைப் பார்க்கவா மூண்டு மணித்தியாலம் கார் ஓடப் போறியள்?"

மருமகன் சிரித்துக்கொண்டு சொன்னார், "மாமி, நீங்கள் கூட்டவேண்டாம், பாத்தாக் காணும்."

அந்தக் கதை எங்கள் வீட்டில் இன்னும் ஓடுகிறது. சரி, சனிக்கிழமை விடியற்காலை இடியப்பமும் சம்பலும் கட்டிக்கொண்டு, சுடுதண்ணிப் போத்தலில் பிளேன்ரீயும் ஊற்றிக்கொண்டு வெளிக்கிட்டோம். போன இடம் அல்கொன்குயின் மாகாணப் பூங்கா. பூங்கா என்றதும் ஊஞ்சலும் மரவாங்கும் நினைக்காதீர்கள், 1893இல் ஒதுக்கிய பெருங்காடு அது, ஏழாயிரத்து அறுநூறு சதுர கிலோமீற்றருக்கு மேல், எங்கள் திருகோணமலை மாவட்டத்தைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. உள்ளே ஏரிகள், மேப்பிள் மரங்கள், பைன் மரங்கள்.

நான் அங்கே அதிசயித்தது மரத்தைக் கண்டு மட்டும் இல்லை. அந்த மாகாணத்துப் பூங்காக்காரர்கள் இலைக்கு நிலவர அறிக்கை வெளியிடுகிறார்கள்! இன்ன பூங்காவில் இத்தனை வீதம் நிறம் மாறிவிட்டது, இத்தனை வீதம் விழுந்துவிட்டது என்று. மருமகன் கிரிக்கெட் ஓட்டம் பார்ப்பதுபோல ஒவ்வொரு நாளும் போனில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். சனம் அதைப் பார்த்துத்தான் நாள் குறிக்கிறது. வடக்கே புரட்டாசி நடுவில் மேப்பிள் சிவந்துவிடும், ரொறன்ரோப் பக்கம் ஐப்பசி வரவேண்டும். வாகனத்துக்கான அனுமதியை முன்கூட்டியே இணையத்தில் வாங்காவிட்டால் வாசலில் திருப்பி அனுப்பிவிடுவார்கள், நல்லூர்த் தேருக்குப் போகிற மாதிரிச் சனம்.

அங்கே ஒரு குன்றில் ஏறினோம். இரண்டு கிலோமீற்றர்தான், ஆனால் செங்குத்து. நான் சேலையோடும் மகளின் பழைய சப்பாத்தோடும் இரண்டு இடத்தில் இருந்து இருந்து ஏறினேன். மேலே போனதும் எல்லாரும் படம் எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். மலை முழுக்கச் சிவப்பு, செம்மஞ்சள், மஞ்சள், இடையிடையே பைன் மரங்களின் கரும்பச்சை, கீழே ஒரு ஏரி. அழகுதான், பொய் சொல்லக்கூடாது. ஆனால் பத்து நிமிடம் பார்த்தபின் எனக்குக் கண் களைத்துவிட்டது, இவ்வளவு நிறத்தை ஒரேயடியாகப் பார்க்கப் பழகாத கண். ஒரு கல்லில் இருந்து பிளேன்ரீயை மூடியில் ஊற்றினேன், ஒரு இலை சுழன்று சுழன்று வந்து என் மடியில் விழுந்தது.

அந்த இலையை நான் நல்லாய்ப் பார்த்தேன். ஓரமெல்லாம் கடும் சிவப்பு. நரம்புகள் மட்டும் இன்னும் பச்சை, நரம்பை ஒட்டி இரு பக்கமும் ஒரு நூல் அகலத்துக்கு மஞ்சள். அதாவது பச்சை ஒரேயடியாகப் போகவில்லை, ஓரத்திலிருந்து நரம்பை நோக்கிப் பின்வாங்கிக்கொண்டிருந்தது, கந்தளாய்க் குளத்தில் கோடைக்குத் தண்ணீர் வற்றுமே, கரையெல்லாம் காய்ந்து வாய்க்காலில் மட்டும் ஈரம் நிற்குமே, அதே மாதிரி. ஒரு மூலையில் புழு கடித்த ஓட்டை. அதைக் கைப்பையில் இருந்த பஞ்சாங்கத்துக்குள் வைத்தேன். பஞ்சாங்கம் எதற்குக் கனடாவுக்கு என்று கேட்காதீர்கள், ராகுகாலம் எங்கேயும் வரும்.

இனி ஒரு நிமிடம் விஞ்ஞான வாத்தியாராகக் கதைக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வாழைக்காய் பழுக்கும்போது என்ன நடக்கிறது? மஞ்சளை யாரும் வெளியிலிருந்து பூசுவதில்லை, பச்சை கரைகிறது, அடியில் ஏற்கெனவே இருந்த மஞ்சள் தெரிகிறது. இலை மஞ்சளாவதும் அதுதான். சிவப்புத்தான் வேறு கதை. அது முன்பே இருந்ததில்லை, பெரும்பாலும் விழப்போகிற நேரத்தில்தான் இலை அதை உண்டாக்குகிறது. குளிர் தேசத்தில் நாள் குறுகக் குறுக இலைக்காம்பின் அடியில் தக்கை மாதிரி ஒரு தடுப்பு வளரும், இலையில் உண்டான சீனி வெளியே போக வழியில்லாமல் தங்கும், பகலில் நல்ல வெயிலும் இரவில் உறையாத அளவுக்குக் குளிரும் இருந்தால் அந்தச் சீனியை வைத்துக்கொண்டு சிவப்புச் சாயம் நிறைய உண்டாகும். அந்தச் சாயத்தின் பெயர் அந்தோசயனின். நாவற்பழம் தின்றால் நாக்கில் ஒட்டுவது அந்த வகைதான். மாமரம் தளிர்க்கும்போது தளிர் செம்பு நிறமாக இருக்கிறதே, அதுவும் அதே வகை.

ஊருக்கு வந்தபின் என்ன நடந்தது என்பதற்குத்தான் இவ்வளவும் சொன்னேன். பஞ்சாங்கத்தைத் திறந்து அந்த இலையைப் பக்கத்து வீட்டு அக்காவுக்குப் பெருமையாகக் காட்டினேன். அவர் ஈர்க்கு விளக்குமாற்றோடு படலையில் நின்றார். இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுக்கோ பிள்ளை இவ்வளவு காசு செலவழிச்சுப் போனனீ? எங்கட கொட்டங்காய் இலை இதைவிடச் சிவப்பெல்லோ?" என்று சொல்லி, தான் கூட்டிக் குவித்து வைத்திருந்த குப்பையிலிருந்து ஒன்றை எடுத்துத் தந்தார்.

நேயர்களே, நான் இரண்டையும் மதிலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பஞ்சாங்கத்துக்குள் இருந்து வந்த கனடா இலை செங்கல் நிறத்துக்கு மங்கியிருந்தது. எங்கள் இலை ஒரு சாண் நீளம், அடி ஒடுங்கி நுனி அகன்று, தோல் மாதிரித் தடிப்பு, அதன் சிவப்பு இன்னும் ஈரமாக இருந்தது. நரம்பை ஒட்டி அதே பச்சை, அதே மஞ்சள் நூல். முப்பத்தொரு வருடம் படிப்பித்தவளுக்கு இதை விளக்குமாற்றோடு நின்ற அக்கா சொல்லித்தர வேண்டியிருந்தது.

கொட்டங்காய் மரத்தை எல்லாருக்கும் தெரியும், நாட்டு வாதுமை என்றும் சொல்வார்கள். கிளைகள் அடுக்கடுக்காகக் குடை பிடித்த மாதிரி நிற்கும், சின்ன வயதில் காயைக் கல்லில் வைத்து உடைத்து உள்ளே இருக்கிற மெல்லிய பருப்பைத் தின்றிருப்போம், பாதி நேரம் விரலையும் உடைத்திருப்போம். அது பெரும்பாலும் வருடத்துக்கு இரண்டு தரம் இலை உதிர்க்கும். மேப்பிள் குளிருக்குப் பயந்து உதிர்க்கிறது, எங்கள் காட்டு மரங்களில் உதிர்க்கிறவை தண்ணீரை மிச்சம் பிடிக்க உதிர்க்கின்றன. காரணம் வேறு, சாயம் ஒன்று. மீன்தொட்டி வைத்திருக்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், காய்ந்த கொட்டங்காய் இலையைத் தண்ணீரில் போட்டால் மீனுக்கு நல்லது என்று வெளிநாட்டில் பொதி கட்டி விற்கிறார்கள். நாம் நெருப்பு வைக்கிறோம்.

எனக்கு ஒரு மனக்குறை உண்டு, சொல்லிவிடுகிறேன். நான் படிப்பித்த பாடசாலை ஒன்றில், எது என்று சொல்லமாட்டேன், வாசலில் ஒரு பெரிய கொட்டங்காய் மரம் நின்றது. குப்பை போடுகிறது என்று சொல்லித் தறித்தார்கள். பிறகு நிழலுக்குத் தகரக் கொட்டகை போட்டார்கள். கச்சான் காற்றுக் காலத்தில் அதற்குக் கீழே நின்று பாருங்கள், அவ்வளவுதான் சொல்லுவேன்.

ஆகவே என் சொல் இதுதான், இதைத் திரும்பவும் சொல்லுவேன். நிறத்தைப் பார்க்கத் தூரம் போகாதீர்கள், ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு அதையே ஒவ்வொரு கிழமையும் பாருங்கள். கோட்டைக்குள் கோணேசர் கோயிலுக்கு ஏறுகிற பாதையில் மான்கள் நிற்குமே, அவை விழுந்த இலையைப் பொறுக்கித் தின்பதை நான் எத்தனையோ பின்னேரம் பார்த்திருக்கிறேன். (இலையோடு கிடக்கிற பொலித்தீனையும் சேர்த்துத் தின்கின்றன, கோயிலுக்கு வருகிறவர்கள் தயவுசெய்து அர்ச்சனைப் பையைக் கையோடு திருப்பிக் கொண்டுபோங்கள்.) அரச மரத்தைப் பாருங்கள், கொஞ்ச நாளைக்கு மொட்டையாக நின்று, பிறகு தளிர் செம்பு நிறத்தில் வரும். ஒரு மரம், ஒவ்வொரு கிழமையும்.

குளங்களுக்கு வருகிறேன், நேரம் ஓடுகிறது. இந்த ஆவணி, புரட்டாசியில் குளம் பார்க்கப் போகிறவர்கள் தண்ணீரைப் பார்க்கப் போகாதீர்கள், தண்ணீர் விட்டுப்போன இடத்தைப் பார்க்கப் போங்கள். கந்தளாய்க் குளக்கட்டில் நின்று பார்த்தால் வற்றிய தரை முழுக்க இளம்புல், மாடுகள், மாட்டுக்குப் பின்னால் கொக்குகள். 1986 சித்திரையில் அந்தக் கட்டு உடைந்ததை என் வயதுக்காரர் மறந்திருக்க மாட்டார்கள், நான் இன்றைக்கும் அதில் நிற்கும்போது காலடியைப் பார்த்துக்கொள்ளுவேன். கரையோரங்களில் நிற்கிற மருத மரம் கொட்டங்காய்க்கு ஒன்றுவிட்ட சகோதரம், ஒரே பேரினம், பட்டை உரிந்து அடிமரம் வெளுத்துக் கிடக்கும். அங்கிருந்து ஹபரணைப் பக்கம் போனால் கவுடுல்லைக் குளம், அதற்கப்பால் மின்னேரியா. மகாசேன மன்னன் கட்டிய மின்னேரியாக் குளம் வற்ற வற்றப் புல் முளைக்கும், புல்லுக்கு யானை வரும், நூற்றுக்கணக்கில் வரும். தண்ணீர் நிறைய நின்றால் புல் இல்லை, புல் இல்லாவிட்டால் யானையும் இல்லை, ஆகவே விசாரித்துவிட்டுப் போங்கள். மத்தியானத்துக்குப் பிறகு போங்கள், யானை வெளியில் வருவது வெயில் சாய்ந்த பிறகுதான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி இரண்டு விரல் காட்டுகிறார். நீர்வீழ்ச்சிக்கும் தோட்டத்துக்கும் நான் எழுதிக்கொண்டு வந்த இரண்டு பக்கம் அப்படியே கிடக்கிறது, எல்லாம் அந்த இடியப்பக் கதையால் வந்தது. சுருக்கமாகச் சொல்கிறேன். எங்கள் மாவட்டத்தில் அருவி இல்லை, பதுளைப் பக்கம் துன்ஹிந்தவுக்குப் போவதென்றால் மார்கழி, தையில் போங்கள், எங்களுக்கு மழை தருகிற அதே வாடைக்காற்றுத்தான் அதற்கும் தண்ணீர் தருகிறது, ஆனால் படி வழுக்கும். நுவரெலியாவுக்குப் போகிறவர்கள் ஹக்கலைப் பூந்தோட்டத்தை விடாதீர்கள், 1861இல் காய்ச்சல் மருந்து எடுக்கிற சிங்கோனாப் பயிர் பார்க்கத் தொடங்கிய தோட்டம். இன்னொன்று, இதை முதலே சொல்லியிருக்க வேண்டும், இலங்கையில் மலை முழுக்க நிறம் மாறுவதைப் பார்க்க ஆசை என்றால் தை, மாசியில் கேகாலைப் பக்கம் இறப்பர்த் தோட்டங்களைப் பாருங்கள், பஸ் யன்னலிலிருந்தே தெரியும், செம்மஞ்சளாக.

ஒரு விரல் ஆகிவிட்டது. டச்பே கடற்கரையில் நான் பார்த்துவருகிற கொட்டங்காய் மரத்தில் நேற்றுப் பின்னேரம் கீழ்க்கிளையில் பதினொரு சிவப்பு இலை நின்றது, எண்ணிப் பார்த்தேன். இரவு முழுக்கக் காற்று. வீட்டுக்குப் போகிற வழியில் ஓட்டோவை நிறுத்தி எத்தனை மிச்சம் என்று பார்த்துவிட்டுத்தான் போவேன். வணக்கம்.