மேக்னெட் கேட்ச்: கதவே இடம் காட்டட்டும்

[காட்சி: அலமாரிக் கதவை ஒரு கை மூடுகிறது. கை விலகியதும் கதவு இரண்டு விரற்கடை திறந்து நிற்கிறது.]

வணக்கம். பெட்டி பெட்டியாக அடுக்கிச் சேர்க்கும் மாடுலர் அலமாரிகளில் இந்தக் காட்சியை அடிக்கடி பார்க்கலாம். மூடிய கதவு மூடியபடி நிற்காது. மேக்னெட் கேட்ச் மாட்டினால் தீர்ந்துவிடும்: பெட்டியில் காந்தம், கதவில் ஓர் இரும்புத் தகடு, மூடியதும் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். ஆனால் மாட்டிய பிறகும் கதவு பிடிக்கவில்லை, காந்தம் சரியில்லை என்று கழற்றிப் போட்டவர்கள் நிறைய. பெரும்பாலும் காந்தத்தில் குறை இருக்காது. காந்தமும் தகடும் முகத்தோடு முகம் பொருந்தாததுதான் காரணம்.

[காட்சி: உள்ளங்கையில் கேட்ச், மிக நெருக்கத்தில்.]

இதன் முன்பக்கத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். இரண்டு மெல்லிய இரும்புப் பட்டைகள் துளி வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. காந்தம் இவற்றுக்கு நடுவே இருக்கிறது. ஒரு பட்டை வட துருவத்தை ஒட்டியும் இன்னொன்று தென் துருவத்தை ஒட்டியும் இருக்கும். கதவில் உள்ள இரும்புத் தகடு வந்து இரண்டு பட்டைகளையும் ஒன்றாகத் தொட்டால்தான் முழுப் பிடி கிடைக்கும். ஒரு காகிதத்தை நான்காக மடித்து நடுவில் வைத்துவிட்டுத் தகட்டை இழுத்துப் பாருங்கள். பிடி எவ்வளவு இறங்கிவிட்டது என்று விரலுக்கே தெரியும். ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விழுந்தால் இன்னும் மோசம். அந்தக் காகிதத்தைத் தூக்கிப் போடாதீர்கள், பிறகு வேண்டும்.

பட்டையை நகத்தால் தள்ளினால் லேசாக ஆடும். பழுது என்று நினைக்க வேண்டாம். தகடு கொஞ்சம் சாய்வாக வந்தாலும் பட்டை தானும் சாய்ந்து ஒட்டிக்கொள்வதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள்.

சரி, டிரில்லை எடுப்பதற்கு முன் ஒரு விஷயம். கதவை மெதுவாக மூடும்போது கடைசிக் கொஞ்ச தூரம் அதுவே உள்ளே இழுத்துக்கொள்கிறதா? அப்படியானால் கீலில் ஸ்பிரிங் இருக்கிறது, கேட்ச் தேவையில்லை. கீலின் ஸ்க்ரூவைச் சரிசெய்தாலே போதும். ஸ்பிரிங் இல்லையென்றால் பெட்டியின் மேல் ரசமட்டத்தை வையுங்கள். பிறகு மூலைக்கு மூலை இரண்டு குறுக்கையும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒரே அளவு வரவில்லை என்றால் பெட்டி கோணியிருக்கிறது. கோணிய பெட்டியில் கேட்ச் மாட்டுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். முதலில் அடிக்கால்களைத் திருகி நேராக்குங்கள்.

[காட்சி: பெட்டியின் உட்புறம். பக்கப் பலகையில் வரிசையாகத் துளைகள்.]

எங்கே மாட்டுவது? கீலுக்கு எதிர்ப்பக்கம், கைப்பிடி இருக்கும் ஓரத்தில். கதவின் பாதி அகலத்தில் வைத்தால் அதே பிடிக்கு இரண்டு மடங்கு இழுவிசை தேவைப்படும். உயரமான கதவு என்றால் மேலே ஒன்று, கீழே ஒன்று.

மாடுலர் அலமாரிக்கே உரிய மூன்று சிக்கல்கள் உண்டு. இழுத்து மாற்றக்கூடிய தட்டில் கேட்சை மாட்டிவிட்டால் அந்தத் தட்டை அப்புறம் நகர்த்த முடியாது. தட்டு தாங்கும் 5 மில்லிமீட்டர் துளையின் மேல் ஸ்க்ரூ விழுந்தால் அது பிடிக்காது. மூன்றாவதைத்தான் பலரும் யோசிப்பதில்லை: இரண்டு பெட்டிகளுக்கும் பொதுவான பக்கப் பலகை 16 அல்லது 18 மில்லிமீட்டர்தான். இரு பக்கமும் ஒரே உயரத்தில் ஸ்க்ரூ போட்டால் நடுவில் ஒன்றோடொன்று முட்டும். ஒரு பக்கத்தை 3 சென்டிமீட்டர் தள்ளி மாட்டுங்கள்.

கதவு பெட்டியின் விளிம்பின் மேல் வந்து மூடும் வகை என்றால் பட்டையின் நுனி விளிம்புக்குச் சமமாக இருக்கட்டும். உள்ளே பதியும் கதவுக்கு, கதவின் தடிமனோடு தகட்டின் தடிமனையும் கூட்டிப் பின்னால் தள்ள வேண்டும். 18 மில்லிமீட்டர் கதவு, 1 மில்லிமீட்டர் தகடு என்றால் 19. இந்த வகையில் கேட்சே கதவை நிறுத்தும் தடையாகவும் ஆகிவிடுகிறது. அதனால் அளவு பிசகக் கூடாது.

கேட்சில் நீள்துளைகள் இருக்கும். அவற்றின் நடுவில் குறியிடுங்கள். 3 மில்லிமீட்டர் ஸ்க்ரூவுக்கு 2 மில்லிமீட்டர் பிட் போதும். பிட்டின் நுனியிலிருந்து 10 மில்லிமீட்டரில் டேப் சுற்றிக்கொண்டால் பலகை மறுபுறம் துளைபடாது. மரத்துகளை ஒட்டி அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டில் ஸ்க்ரூவைக் கையாலேயே முறுக்குங்கள். மெஷினில் ஒரு நொடி அதிகமாகச் சுற்றினாலும் துளை அரிந்து பிடி போய்விடும். இப்போதைக்கு இறுக்கிவிட வேண்டாம்.

[காட்சி: தகட்டின் பின்புறம் இருபக்க டேப் ஒட்டப்படுகிறது.]

தகட்டின் இடத்தை நானும் முன்பெல்லாம் அளந்துதான் குறித்தேன். அரை சென்டிமீட்டர் தள்ளிப்போய்க் கதவில் வேண்டாத துளை விழுந்த பிறகு அளப்பதை விட்டுவிட்டேன். கதவையே கேட்டால் போதும். அந்த மடித்த காகிதத்தைக் காந்தத்தின் மேல் வைத்து, அதன் மேல் தகட்டை ஒட்டவிடுங்கள். தகட்டின் பின்புறம் இருபக்க டேப். கதவை மூடி அந்த இடத்தில் அழுத்துங்கள். திறக்கும்போது தகடு கதவோடு வந்துவிடும், ஏனென்றால் காகிதம் காந்தத்தின் பிடியைத் தளர்த்தியிருக்கிறது. பென்சிலால் சுற்றி வரைந்து, அங்கேயே ஸ்க்ரூ போடுங்கள்.

அடுத்து, நகர்த்திப் பார்க்கும் வேலை. இதில் அவசரப்படாதீர்கள். கதவு மூடியும் 'டக்' என்ற சத்தம் இல்லையா? கேட்சை அரை மில்லிமீட்டர் முன்னால் தள்ளுங்கள். கேட்ச் இருக்கும் ஓரம் மட்டும் துருத்தி நிற்கிறதா? பின்னால் தள்ளுங்கள். சத்தம் குறைய ரப்பர் பொட்டு ஒட்டியிருந்தால், பொட்டு படுவதும் காந்தம் தொடுவதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். சரியாக வந்ததும் இறுக்கிவிடுங்கள்.

இரும்புக் கதவுக்குத் தகடு வேண்டாம், காந்தம் நேராகவே பிடிக்கும். அலுமினியத்திலும் கண்ணாடியிலும் தகடு இல்லாமல் முடியாது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் சில வகைகளில் காந்தம் ஒட்டாது, வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். உலோகத்தைத் துளைக்கும்போது காந்தத்தை மூடி வையுங்கள், இல்லாவிட்டால் இரும்புத் துகள் ஒட்டிக்கொண்டு அதுவே இடைவெளி ஆகிவிடும். உதிரியான சிறு காந்தங்களைக் குழந்தைகள் கையில் எட்டவே விடாதீர்கள். ஒன்றுக்கு மேல் விழுங்கிவிட்டால் அவை குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்து உயிருக்கே ஆபத்தாகும்.

[காட்சி: ஒரு விரல் கைப்பிடியை இழுக்கிறது.]

இப்போது ஒரே விரலால் இழுத்துப் பாருங்கள். கதவு மட்டும் திறந்தால் பிடி சரி. பெட்டியும் சேர்ந்து ஆடினால் பிடி அதிகம். தகட்டின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள், தணிந்துவிடும். உயரமான அலமாரி என்றால் அதைச் சுவரோடு பிணைத்துவிட்டு இன்னொரு முறை இழுத்துப் பாருங்கள்.